இதை வரைஞ்சது யாருங்க?

துடியலூர் வழியாகப் போகும் ஊட்டி பஸ்ஸில் லீவு விட்டால் நாமும் ஏறிவிடுவோம். தாவரவியல் பூங்கா, படகு இல்லம், வர்க்கி என்று லிஸ்ட் ரெடியாக இருக்கும். அதில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊட்டிக்கு அருகே முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகம்!

நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு பழங்குடிகள் வாழ்கிறார்கள். இவர்களின் புழங்குபொருட்களையும், மாதிரிக் குடிசைகளையும் இங்கே பார்க்கலாம்.

தோடர்களின் பூத்துக்குளி போர்வையைப் பாருங்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை. அச்சு எதுவும் வரைந்துகொள்ளாமல், துணியின் இழைகளை எண்ணி எண்ணியே பெண்கள் தைக்கிறார்கள். விழாவுக்குப் போர்த்துவதும் இதைத்தான், இறந்தவருக்குப் போர்த்துவதும் இதைத்தான். 2013-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

குறும்பர் ஓவியம் வேறு ரகம். கோத்தகிரி பக்கம் வெள்ளரிக்கொம்பையில் பாறை ஓவியங்கள் உண்டு. அந்த மரபில் வருகிறவர்கள் வேங்கை மரப் பிசினில் பழுப்பும், காட்டவரை இலையில் பச்சையும் எடுக்கிறார்கள். சுவரில் வரைந்தவர்கள் இப்போது காகிதத்திலும் வரைகிறார்கள். தேன் எடுப்பது, கூடி ஆடுவது என்று அவர்கள் வாழ்க்கையேதான் படம். ஆனால், வரையத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே.

இங்கேதான் ஒரு கேள்வி. கண்காட்சிகளிலும் கடைகளிலும் இப்படிப் படங்களின் கீழே பெரும்பாலும் 'பழங்குடி ஓவியம்' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. ரவி வர்மா படத்தின் கீழே 'கேரள ஓவியம்' என்று மட்டும் எழுதினால் ஒப்புக்கொள்வோமா?

கோவை குமிட்டிபதி குகையில் யானையை வரைந்தவர் யாரென்று இனி கண்டுபிடிக்க முடியாது. குறும்பர் ஓவியர் அப்படியல்ல. அவருக்குப் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. புவிசார் குறியீடு ஒரு சமூகத்தின் கலையைக் காப்பாற்றும். வரைந்த கைக்கு அடுத்த வேலை கிடைக்க, அவர் பெயர் வெளியே தெரிய வேண்டும். அப்பா பெயர் சுவரில் இருப்பதைப் பார்க்கும் பிள்ளைதான் நாளைக்குத் தானும் தூரிகையைத் தொடும்.

அடுத்த முறை எந்தக் கலைக்கூடத்துக்குப் போனாலும், செல்ஃபி எடுப்பதற்கு முன் அங்கிருப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை வரைஞ்சது யாருங்க?" நாலு பேர் கேட்டால், ஐந்தாவது ஆள் வருவதற்குள் அங்கே பெயர் எழுதி ஒட்டியிருப்பார்கள்!