‘நான்’ என்னும் மயக்கம்

சிறைக்கு அஞ்சாத தொண்டர் சிலர் ஒரு பூமாலைக்கு மயங்கிப்போனதை நமது பொதுவாழ்வு கண்டிருக்கிறது. எதிரிகளால் விளையும் தீங்கைவிட, தொண்டனின் உள்ளத்தில் வளரும் ‘நான்’ என்னும் எண்ணத்தால் விளையும் தீங்கே பெரிது என்பது நமது அபிப்பிராயம்.

யோக சாஸ்திரம் இந்நோயின் மூலத்தை ஆராய்ந்திருக்கிறது. மனிதனை வருத்தும் கிலேசங்கள் அவித்தை, அஸ்மிதை, ராகம், துவேஷம், உயிராசை என ஐந்து என்றார் பதஞ்சலி முனிவர். இவற்றுள் அஸ்மிதையாவது, காண்பவனாகிய புருஷனையும், காண்பதற்குக் கருவியாகிய புத்தியையும் ஒன்றெனக் கருதும் மயக்கமாம். பதவியும், நாவன்மையும், கட்சியும் கருவிகளே. அவற்றைத் தானென்று கொண்டவன், பதவி போனால் தன் உயிரே போனதாய்த் துடிக்கிறான்; தன்னைக் கண்டித்தால் தேசத்தையே நிந்தித்ததாய்ச் சீறுகிறான்.

இதற்கு மருந்து தேடி இமயம் செல்ல வேண்டுவதில்லை. அச்சன்புதூர் அன்பர்கள் அலுவலாய்ச் சென்றுவரும் தென்காசியிலேயே அது கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் அங்கே விசுவநாதர் ஆலயத்தை எடுத்த பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அவ்வாலயத்துக்குக் குறை நேர்ந்தால் அதைத் திருத்திக் காப்பவர் யாராயினும் அவரைத் தான் பணிவதாகச் சாசனம் செய்தான். முடிமன்னன், இன்னும் பிறவாத ஒரு தொண்டனுக்குத் தலை வணங்கினான்! அவன் அஞ்சியபடியே இராஜகோபுரம் சிதைந்தது. 1990-ல் புதுப்பொலிவுடன் எழுந்தது. அதற்கு உழைத்தோர் அனைவரும் அவ்வணக்கத்துக்கு உரியவராயினர்.

“அச்சாசனத்தில் அரசன் தன் பெயரைப் பொறிக்கவில்லையா?” என்று கேட்கலாம். பொறித்தான், மறுக்கவில்லை. ஆனால் அப்பெயர் அங்கே ஆள்வதற்கு நிற்கவில்லை, பணிவதற்கு நிற்கிறது. பெயரை அழிக்கும்படி யோகம் சொல்லவில்லை. பெயரே தான் என்று மயங்காதே என்றுதான் சொல்லுகிறது. தன்னை இழந்தவன் கோழையாவான். தன்னைச் சரியாய் அறிந்தவனே அஞ்சாது உழைப்பான்.

இன்று சிறு பாலத்துக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் கல்வெட்டு நாட்டப்படுகிறது. அதில் எவர் பெயர் மேலே, எவர் பெயர் கீழே என்பதில் மூளும் கலகத்தில் தொட்டியில் நீர் வருகிறதா என்பது மறக்கப்படுகிறது. தொண்டர்களே! நமக்குப் பின் அப்பணியைத் தொடர்வோன் மாற்றுக் கட்சியினனாயினும் அவனை வணங்க நமக்கு மனம் வருமா? வருமாயின் நாம் செய்வது தேசத் தொண்டு. வாராதாயின் அது நமக்கு நாமே செய்துகொள்ளும் பூஜையேயாகும்.