பத்தாம் வகுப்புக்கு இன்னொரு கணிதம் வேண்டும்

தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தின் தலைவர் அவர்களுக்கு,

பள்ளிக்குச் செல்லாமல் வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளில் பலர் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு நாடுவது தங்கள் நிறுவனமான என்.ஐ.ஓ.எஸ். நடத்தும் தேர்வைத்தான். 14 வயது நிரம்பினால் இடைநிலைப் படிப்பில் சேரலாம். ஐந்து பாடங்களை ஐந்தாண்டுகளுக்குள் ஒவ்வொன்றாகக்கூட எழுதி முடிக்கலாம். அந்த ஐந்தில் கணிதம் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மனையியல், ஓவியம் போன்றவற்றைக் கொண்டே தேறிவிடலாம்.

இந்தச் சுதந்திரம் காக்கப்பட வேண்டியது. குறை வேறிடத்தில் இருக்கிறது. இடைநிலையில் கணிதம் என்று இருப்பது 211 என்ற குறியீடு கொண்ட ஒரே பாடம். இயற்கணிதம், வணிகக் கணிதம், வடிவியல், அளவியல், முக்கோணவியல், புள்ளியியல் ஆகிய ஆறு தொகுதிகளும் அதில் அடக்கம். தேற்றங்களை நிறுவுவதில் தடுமாறும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு முன்னால் இரண்டே வழிகள்: ஆறையும் படிப்பது, அல்லது கணிதத்தையே விட்டுவிடுவது. விட்டுவிட்டால் தேற்றத்தோடு சேர்ந்து சதவீதம், தவணைமுறை வட்டி, சராசரி, நிகழ்தகவு எல்லாமே கைநழுவிப் போகின்றன. நகைக்கடன் வாங்குவதற்கும் சிறு கடை நடத்துவதற்கும் இன்றியமையாதவை இவையே. கணக்கு வராது என்று ஒதுங்கும் பிள்ளைக்குத்தான் இந்தக் கணக்கு மிகவும் தேவைப்படுகிறது.

சி.பி.எஸ்.இ. வாரியம் 2020 பொதுத்தேர்வு முதல் பத்தாம் வகுப்புக் கணிதத்தில் இரு நிலைகளை வைத்தது. பாடத்திட்டம் ஒன்றே; வினாத்தாளின் கடினம் மட்டும் வேறு. அந்த ஏற்பாடு வகுப்பறைக்குப் பொருந்தலாம். வீட்டில் படிப்பவருக்கு வேண்டியது எளிய தாள் அன்று, வேறு பாடம். தமிழ்நாட்டு மேல்நிலையில் வணிகவியல் மாணவர்களுக்கெனத் தனியாக இருக்கும் வணிகக் கணிதமும் புள்ளியியலும் இதற்கு நெருங்கிய முன்மாதிரி.

புதிய பாடத்துக்கான மூலப்பொருள் நிறுவனத்திடமே உள்ளது. 211-இன் வணிகக் கணிதம், அளவியல், புள்ளியியல் தொகுதிகளை விரித்து, சமன்பாடுகளும் வரைபடங்களும் புரியும் அளவுக்கு மட்டும் இயற்கணிதத்தைச் சேர்த்தால் போதும். இயற்கணிதத்தை முழுவதும் நீக்குவது தவறு; கூட்டுவட்டி வாய்பாடே அதன்மேல்தான் நிற்கிறது. ஆசிரியர் மதிப்பிடும் ஒப்படைப்புகளை மின்கட்டணப் பட்டியல், குடும்ப வரவுசெலவு, தெருவில் எடுக்கும் சிறு கணக்கெடுப்பு ஆகியவற்றின்மேல் அமைக்கலாம். வீட்டுவழிக் கல்வியின் பலமே அங்குதான்.

பொறியியலையோ கட்டடக்கலையையோ நினைப்பவர் 211-ஐயே எடுக்க வேண்டும் என்பதைச் சேர்க்கையின்போதே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பதினைந்து வயதில் எடுத்த முடிவு பதினேழில் மாறக்கூடும். அப்படி மாறுவோர் விடுபட்ட மூன்று தொகுதிகளை, அதாவது முழு இயற்கணிதம், வடிவியல், முக்கோணவியல் ஆகியவற்றை மட்டும் எழுதி 211-க்கு மாற வழி வேண்டும். இந்தப் பாலம் இல்லாமல் மாற்றுப் பாடத்தைத் தொடங்கக் கூடாது.

பாடத்திட்டக் குழு ஒன்றை அமைத்து, அதில் வீட்டுவழிக் கல்விப் பெற்றோருக்கும் இடமளித்து, தமிழ் உள்ளிட்ட மொழிகளிலும் நூல்கள் கிடைக்கத் தலைவர் அவர்கள் ஆவன செய்ய வேண்டும்.