தூங்கும் சிப்... விழித்திருக்கும் பட்டன்!

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். குளியாளி கடலுக்குள் இறங்கியதும், தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி இருப்பார். மற்றவர்கள் கண்ணயரலாம், அவர் கூடாது. கீழிருந்து கயிறு இழுபட்டால், அந்த நொடியே மேலே தூக்க வேண்டும்.

இன்று அதே கடலுக்குப் போகும் கருவிகளுக்குள்ளும் இப்படி ஒரு காவல் தேவைப்படுகிறது.

கரையிலிருந்து 10-12 கி.மீ. தாண்டினால் பொதுவாக செல்போன் சிக்னல் இருக்காது. அதனால், ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாகத் தகவல் அனுப்பும் 'டி.ஏ.டி' என்ற கருவியை இஸ்ரோ உருவாக்கியது. 2010 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. 2024-ல் அறிமுகமான இரண்டாம் தலைமுறைக் கருவி, 'தகவல் கிடைத்தது' என்ற பதிலையும் படகுக்கே அனுப்பும். ப்ளூடூத் மூலம் செல்போனோடும் இணையும்.

சார்ஜ் எப்படி மிச்சமாகிறது?

பேட்டரியில் ஓடும் சிறு கருவிகளில் உள்ள சிப், விழித்திருந்தால் சில மில்லி ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். தூங்கினால் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். 220 மில்லி ஆம்பியர்-ஹவர் உள்ள காசு வடிவ பேட்டரியை எடுத்துக்கொள்வோம். 5 மில்லி ஆம்பியர் இழுத்தால் இரண்டு நாள்கூடத் தாங்காது. 5 மைக்ரோ ஆம்பியர் என்றால், கணக்குப்படி 5 வருடம்!

சரி, சிப் தூங்கும்போது பட்டனை அழுத்தினால் யாருக்குத் தெரியும்? வாசலில் ஆள் வந்தாச்சா என்று நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துபோய்ப் பார்ப்பது ஒரு வழி. அதில் சார்ஜ் வீண். காலிங் பெல் வைப்பது இன்னொரு வழி. பட்டனை அழுத்தியதும் உண்டாகும் மின் மாற்றமே சிப்பை எழுப்பிவிடும். இதற்கு 'இன்டரப்ட்' என்று பெயர்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வடிவமைப்பில் கவனம் தவறினால், முதல் அழுத்தம் சிப்பை எழுப்புவதற்கே செலவாகிவிடும், கணக்கில் வராது. டி.வி ரிமோட் என்றால் இன்னொரு முறை அழுத்தலாம். மூழ்கும் படகில் அதற்கு நேரம் இருக்குமா? சார்ஜ் மிச்சம் பிடிப்பதைவிட, முதல் அழுத்தத்தைத் தவறவிடாததுதான் முக்கியம்.

உங்கள் போனிலும்...

ஆண்ட்ராய்டுக்கு அடிப்படையான லினக்ஸில் 2009-ல் 'ரன்டைம் பவர் மேனேஜ்மென்ட்' வந்தது. போன் ஓடும்போதே, வேலையில்லாத பாகத்தை மட்டும் தூங்கவைக்கும் ஏற்பாடு இது. ஆனால், 'டபுள் டேப் டு வேக்' ஆனில் இருந்தால் டச் ஸ்கிரீன் முழுதாகத் தூங்காது. ஈரம் பட்டாலும் திரை விழித்துக்கொள்ளலாம்.

கடலுக்குப் போகிறவர்கள் அதையும், 'லிஃப்ட் டு வேக்' வசதியையும் ஆஃப் செய்துவிடலாம். சிக்னல் இல்லாத இடத்தில் டவரைத் தேடித் தேடியே சார்ஜ் தீரும். ஏரோபிளேன் மோட் போடுங்கள். பெரும்பாலான போன்களில் ஜி.பி.எஸ் அப்போதும் வேலை செய்யும். அவசரக் கருவியோடு இணைத்திருந்தால், ப்ளூடூத்தை மட்டும் மீண்டும் ஆன் செய்யுங்கள்.

கரை நெருங்கியதும் மோடை மாற்ற மறக்காதீர்கள். வீட்டில் ஒருவர் உங்கள் போனுக்காக விழித்திருப்பார்!