வாசலுக்கு வந்த மருத்துவம் இதயத்தையும் விசாரிக்கட்டும்!

மங்கலத்தில் தறியோசை இரவிலும் ஓய்வதில்லை. தறி ஓட்டியவன்தான் ஓய்ந்து போகிறான்! படுத்தால் மூச்சு முட்டுகிறது, பத்தடி நடந்தால் இளைக்கிறது, கால் வீங்குகிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்கிறார்கள். ஊசி போடுகிறார்கள், நீர் வடிகிறது, வீட்டுக்கு அனுப்புகிறார்கள். முடிந்ததா கதை? இல்லை தோழர்களே, அங்கேதான் தொடங்குகிறது!

இதயச் செயலிழப்பு என்பது இந்நோயின் பெயர். இதயம் நின்றுவிட்டதென்று பொருளல்ல. இரத்தத்தை இறைக்கும் வலிவு குன்றிவிட்டதென்று பொருள். பள்ளத்து நீரை இறைக்கும் மோட்டார் தளர்ந்தால் நீர் ஏறுமல்லவா? அதுபோல நுரையீரலிலும் காலிலும் நீர் தேங்குகிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2013-ஆம் ஆண்டு இந்நோயோடு மருத்துவமனைகளில் சேர்ந்த 1,205 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஐந்தாண்டு முடிவில் நூற்றுக்கு 59 பேர் உயிரோடில்லை!

நோயின் கொடுமை ஒருபுறம். வீடு திரும்பியவனைக் கேட்பாரில்லாக் கொடுமை மறுபுறம். மாத்திரை தீர்ந்தால், ஒருநாள் கூலியை இழந்து வாங்கப் போவதா என்று தயங்குகிறான். ஊறுகாயையும் கருவாட்டையும் விடுவதில்லை. உப்பு நீரைத் தேக்குகிறது. முதுகுவலிக்குக் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குகிறான். அதுவும் நீரைத் தேக்கும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? மூன்று நாளில் இரண்டு கிலோ எடை ஏறினால் அது ஆபத்தின் அறிவிப்பு. அதைக் கண்டுபிடிக்கப் பெரும் நிபுணரா வேண்டும்? ஒரு எடைக் கருவி, ஒரு நோட்டுப் புத்தகம், பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் போதும்!

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் செய்து பார்த்தார்கள். 1995-இல் முடிவை வெளியிட்டார்கள். முதிய நோயாளிகள் 282 பேர். ஏறத்தாழப் பாதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப்பேருக்குச் செவிலியர் முன்னின்று நடத்திய கவனிப்பு: உணவு பற்றிய பாடம், மாத்திரைச் சரிபார்ப்பு, வீட்டுக்கே சென்று விசாரிப்பு. தொண்ணூறு நாளில், முதல் பிரிவினர் மீண்டும் மருத்துவமனை சேர்ந்தது 94 முறை. இரண்டாம் பிரிவினர் 53 முறைதான்! செலவும் குறைந்தது. வாழ்வின் தரமும் உயர்ந்தது.

வாழ்வின் தரம் என்றால் மாளிகை வாழ்வா? அல்ல. இரவில் படுத்து உறங்குவது. பேரனைக் கூட்டிக்கொண்டு தெருமுனை வரை நடப்பது. பிறர் கை பிடிக்காமல் குளிப்பது. அது ஏழைக்கு வேண்டாமா?

வழி நமக்குத் தெரியாததல்ல. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது 'மக்களைத் தேடி மருத்துவம்'. இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை வாசலுக்கே வந்தது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணிக்குழு விருதும் வந்தது. 2022-இல் திருப்பூருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. மகிழ்ச்சி! ஆனால் கல்லூரிக் கட்டடம் மங்கலத்துக்கு நடந்து வராது. செவிலியர்தான் வர முடியும்.

ஆகவே கேட்கிறோம்: ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் ஒவ்வொரு இதய நோயாளியின் பெயரும் செவிலியர் கையேட்டில் ஏறட்டும். "ஏனுங்கண்ணா, இன்னைக்கு எடை எத்தனைங்க? கால்ல வீக்கம் இருக்குதுங்களா?" என்று நர்சம்மா வாசலில் நின்று கேட்கட்டும். ஐயம் வந்தால் மருத்துவரோடு உடனே பேசத் தொலைபேசி இருக்கட்டும். அந்தச் செவிலியருக்கும் நிலையான வேலை, நியாயமான ஊதியம் கிடைக்கட்டும். நாளை தன் வேலை நிலைக்குமோ என்று அஞ்சுபவர் பிறர் நெஞ்சுக்கு எப்படித் துணை நிற்பார்?

ஊருக்கெல்லாம் ஆடை நெய்தவனின் மூச்சு, கேட்பாரற்று நிற்கலாகாது!