ஆப் ரெடி... டேட்டாபேஸ் ரெடியா? விழுப்புரம் இளைஞர்கள் கவனிக்க வேண்டிய அடித்தளம்

2024 நவம்பர் இறுதி. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, திண்டிவனம் அருகே உள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. விழுப்புரம் மாவட்டமே வெள்ளக்காடானது.

இப்படிப்பட்ட நாட்களில் உதவி கேட்கும் குரல்கள் முதலில் வந்து விழும் இடம் வாட்ஸ்அப் குழுக்கள்தான். ‘படகு வேணும்’, ‘குழந்தைக்குப் பால் பவுடர் வேணும்’ என்று வந்த மெசேஜ் மறுநாளும் ஃபார்வர்டு ஆகிக்கொண்டே இருக்கும். உதவி கிடைச்சாச்சா, இல்லையா? அந்த மெசேஜுக்குத் தெரியாது. ஏனென்றால் அது வெறும் மெசேஜ், பதிவேடு அல்ல.

‘நம்ம ஊருக்குன்னு நாமே ஒரு சமூக வலைதளம் செஞ்சா என்ன?’ என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது. தாராளமாகச் செய்யலாம். ஆனால், திரை வடிவமைப்பில் தொடங்கினால் பாதி வழியில் நின்றுவிடும். தொடங்க வேண்டிய இடம் டேட்டாபேஸ்.

கேரளா காட்டிய வழி

2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் ‘கேரளா ரெஸ்க்யூ’ தளம் சில நாட்களில் எழுந்தது. ஓப்பன் சோர்ஸ் முறையில் தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதிய கோடு அது. ஜாங்கோவும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் அதன் அடித்தளம். மாவட்டம், இடம், தொலைபேசி எண், என்ன தேவை, இப்போதைய நிலை என்ன என்று ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனிக் கட்டங்கள் இருந்தன. அந்த ‘நிலை’ என்ற ஒரு கட்டம்தான் ஃபார்வர்டு மெசேஜுக்கும் மீட்புப் பணிக்கும் உள்ள வித்தியாசம்.

டயஸ்போரா கற்ற பாடம்

2010-ல் நியூயார்க் பல்கலைக்கழக மாணவர்கள் நான்கு பேர், ஃபேஸ்புக்குக்கு மாற்றாக ‘டயஸ்போரா’ என்ற ஓப்பன் சோர்ஸ் தளத்தைத் தொடங்கினர். கேட்டது 10,000 டாலர்; பொதுமக்கள் கொடுத்தது 2 லட்சம் டாலருக்கும் மேல். பணத்துக்குப் பஞ்சமில்லை. சிக்கல் டேட்டாபேஸில் வந்தது.

முதலில் அவர்கள் தேர்ந்தெடுத்தது மாங்கோடிபி. ஒரு பதிவு, அதற்குள் கமெண்ட், அதற்குள் லைக், அதற்குள் லைக் போட்டவரின் பெயர் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைக்கும் முறை. படிப்பதற்கு வேகம். ஆனால், ஒருவர் புரொஃபைல் படத்தை மாற்றினால்? அவர் கமெண்ட் போட்ட ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்துத் திருத்த வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் பழைய படம் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும். கடைசியில் மைஎஸ்கியூஎல்-க்கு மாறினார்கள்.

மூட்டை மோசமானது என்பதல்ல பாடம். சமூக வலைதளம் என்பதே உறவுகளின் வலை. ஆட்களுக்கு ஒரு டேபிள், பதிவுகளுக்கு ஒன்று, ‘யார் யாரைப் பின்தொடர்கிறார்’ என்பதற்கு ஒன்று. பெயர் ஒரே இடத்தில்தான் இருக்கும். மற்ற இடங்களில் அந்த ஆளின் எண் மட்டும். ஒருவர் ஒரு பதிவுக்கு இரண்டு முறை லைக் போட முடியாது என்பதையும் டேட்டாபேஸே காவல் காக்க வேண்டும்.

அடுத்தது இண்டெக்ஸ். விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து ஐந்து திசைகளில் பாதை பிரிகிறது. எந்த ரயில் எந்த நடைமேடை என்று போர்டு இல்லாவிட்டால், ஒவ்வொரு நடைமேடையாக ஏறி இறங்கித் தேட வேண்டியதுதான். இண்டெக்ஸ் இல்லாத டேபிளும் அப்படித்தான். நூறு பேர் இருக்கும்வரை தெரியாது. லட்சம் பதிவு சேர்ந்ததும் ஆப் மூச்சுத் திணறும்.

தமிழுக்கு என்ன தனிக் கவனம்?

‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒன்றாக, அல்லது ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. சேமிக்கும் முன் ஒரே வடிவத்துக்கு மாற்றாவிட்டால், ‘கொசப்பாளையம்’ என்று தேடுபவருக்குப் பதிவு இருந்தும் கிடைக்காது. மைஎஸ்கியூஎல்-இன் பழைய ‘யூடிஎஃப்8’ அமைப்பில் தமிழ் எழுத்துகள் நிற்கும், எமோஜி நிற்காது. ‘யூடிஎஃப்8எம்பி4’ என்று முதலிலேயே தேர்ந்தெடுப்பது நல்லது.

சாவி யார் கையில்?

ஆர்குட் 2014-ல் மூடப்பட்டது. இந்தியாவின் ‘கூ’ 2024-ல் மூடப்பட்டது. மூடும் முடிவைப் பயனாளிகளிடம் யாரும் கேட்கவில்லை. மாறாக மாஸ்டடான் போன்ற ஓப்பன் சோர்ஸ் தளத்தை யார் வேண்டுமானாலும் சொந்த சர்வரில் நிறுவலாம். ‘ஆக்டிவிட்டிபப்’ என்ற பொது நெறிமுறை வழியாக மற்ற சர்வர்களோடும் பேசலாம். நிரந்தரத் தகவல் போஸ்ட்கிரெஸில், உடனுக்குடன் காட்ட வேண்டிய டைம்லைன் ரெடிஸில் என்று வேலையைப் பிரித்துக்கொள்ளும் அதன் அமைப்பையும் பார்த்துப் படிக்கலாம்.

ஆனால் சாவி கைக்கு வந்தால் பொறுப்பும் வரும். வெள்ளத்தில் தவிக்கும் ஒரு பெண்ணின் போன் நம்பரும் வீட்டு முகவரியும் ஊருக்கே தெரியக் கூடாது. யார் எதைப் பார்க்கலாம், எப்போது அழிக்கப்படும் என்பதை முதல் நாளே டேபிளில் எழுத வேண்டும். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அழிக்கக் கோரும் உரிமையைத் தருகிறது.

விழுப்புரத்தில் ஆள் பஞ்சம் இல்லை. கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்றுத்தரும் விழுப்புரம் ஜிஎன்யூ/லினக்ஸ் பயனர் குழு பத்தாண்டுகளைக் கடந்து இயங்குகிறது. வானூர் அருகே மினி டைடல் பார்க் 2024-ல் திறக்கப்பட்டது. மாவட்டக் கல்லூரிகள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: இறுதியாண்டு புராஜெக்டில் அழகான திரைக்கு மட்டும் மார்க் போடுவதை நிறுத்துவது. ‘சர்வரை அணைத்துவிட்டோம், பேக்கப்பிலிருந்து மீட்டுக் காட்டு’ என்று கேட்கட்டும். திரும்ப ஏற்றிப் பார்க்காத பேக்கப், பேக்கப்பே அல்ல.

அடுத்த மழை தேதி சொல்லிவிட்டு வராது. அதற்கு முன் அந்த ‘நிலை’ கட்டம் தயாராக இருக்க வேண்டும்.