மருத்துவர் தங்கும் வழி

பிணியாளன், மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என மருத்துவத்தை நாற்கூறாக வகுத்தார் வள்ளுவர். அம்மருத்துவன் ஊரிலேயே தங்கிட வழி யாது என்பது இன்றைய அரசுகளின் கவலை. பூவிருந்தவல்லி, ஆவடி சுற்றுவட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் அக்கவலை உண்டு. பேருந்தேறினால் எட்டும் தொலைவில் தனியார் மருத்துவமனைகள் இளம் மருத்துவரை அழைத்த வண்ணம் உள்ளன.

தமிழகம் கண்ட நல்வழி ஒன்றுண்டு. பட்ட மேற்படிப்பில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுள் பாதியை அரசுப்பணி மருத்துவர்க்கே அளித்து வந்தது. சிற்றூரில் சில ஆண்டுகள் பணியாற்றினால் சிறப்பு மருத்துவராகலாம் என்னும் நம்பிக்கையே பலரை அங்கே நிறுத்தியது. கற்றபின் அவர்கள் அரசு மருத்துவமனைகளுக்கே திரும்பினர். இந்திய மருத்துவக் கழகத்தின் 2000ஆம் ஆண்டு விதிகளின் பெயரால் 2017இல் அவ்வொதுக்கீடு நின்றது. ஊக்க மதிப்பெண்ணே எஞ்சியது. மாநிலங்களுக்கு அவ்வுரிமை உண்டென உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 31.8.2020 அன்று தீர்ப்பளித்தது.

மகிழத்தக்கதே. ஆயினும் சேர்ப்பது வேறு; நிலைக்கச் செய்வது வேறு. 2009ஆம் ஆண்டின் 354ஆம் எண் அரசாணையின்படி ஊதியத்தை உயர்த்துமாறு கேட்டு, பத்தாண்டு கழித்து, 2019 அக்டோபரில் அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க நேர்ந்ததே! கொடுத்த வாக்கு அமானிதம் அன்றோ? பிணைப்பத்திரம் அதன் கெடு முடியுமட்டுமே ஒருவரைக் கட்டி வைக்கும். ஆணையில் கண்ட ஊதியம் உரிய காலத்தில் கைக்கு வரட்டும். சுகாதார நிலையத்தை ஒட்டியே குடியிருப்பும் அமையட்டும். பிணைக்காலம் முடிந்த மறுநாளும் அம்மருத்துவர் அதே நாற்காலியில் அமர்ந்திருப்பார்.