கூப்பிட்டவனுக்குக் கைவிலங்கா?

போதை மருந்து அளவு மிஞ்சிப் போய் ஒருவன் மூச்சு அடங்கிக் கிடக்கிறான். பக்கத்தில் அவனுடைய கூட்டாளி. ஆம்புலன்சைக் கூப்பிட்டால் உயிர் மிஞ்சும். கூட்டாளியோ ஓடிவிட்டான். ஓடியவனைச் சட்டம் தண்டிக்க வேண்டுமா, வேண்டாமா?

அமெரிக்காவில் இது வெறும் பட்டிமன்றக் கேள்வி அல்ல. 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 1 லட்சம் பேருக்கு மேல் அங்கே இப்படி மாண்டார்கள். 2024-ல் சுமார் 80 ஆயிரமாகக் குறைந்தது. குறைந்த கணக்கே 80 ஆயிரம்!

தண்டிக்கத்தான் வேண்டும் என்கிறார்கள் கனவான்கள். தண்டனைக்குப் பயந்தாவது கூப்பிடுவானாம். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கிறது. சாகிறவனுக்கு உதவுவது கடமை என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆலையில் இயந்திரத்தில் கை சிக்கியவனை விட்டுவிட்டு ஓடிய தொழிலாளி உண்டா? வயலில் பாம்பு கடித்தவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் யார்? நம் ஜனங்கள்தானே! அவர்களுக்கு யாரும் சட்டப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டவில்லை. ஆகவே நமது கேள்வி வேறு. இவன் ஏன் ஓடினான்?

முதலில் சட்டம் என்ன சொல்லி வந்தது என்று பார்ப்போம். 1907-ல் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு வழக்கு. தன் வீட்டில் மார்பின் விழுங்கி மயங்கிய பெண்ணுக்கு ஒருவன் வைத்தியரை அழைக்கவில்லை. அவள் இறந்தாள். கீழ்க்கோர்ட்டு தண்டித்தது, மாநில உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. தர்மப்படி கடமை இருக்கலாம், சட்டப்படி இல்லை என்பது தீர்ப்பின் சாரம். இன்றும் அந்த நாட்டில் பெரும்பாலான மாநிலங்களின் பொது நியதி இதுதான். வெர்மான்ட் மாநிலம் 1968-ல் உதவுவதைக் கடமையாக்கியது. மீறினால் அபராதம் அதிகபட்சம் 100 டாலர். பிரான்சு நாட்டிலோ ஆபத்தில் இருப்பவனைக் கைவிட்டால் 5 ஆண்டு வரை சிறை; ஜெர்மனியில் ஓராண்டு வரை.

சரி, அமெரிக்காவும் அப்படி எழுதிவிட்டால் தீர்ந்ததா? அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. 1986-ல் அந்நாட்டு மத்திய சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. ஹெராயின் போன்ற மருந்தைக் கொடுத்து, அதனால் சாவு நேர்ந்தால், கொடுத்தவனுக்குக் குறைந்தபட்சம் 20 ஆண்டு. கொடுத்தவன் என்றால் பெரிய வியாபாரி மட்டும் என்று நினைக்க வேண்டாம். காசு போட்டு வாங்கிப் பங்கிட்டுக்கொண்ட இரண்டு சிநேகிதர்களில் பிழைத்தவனும் இந்தச் சட்டத்தில் மாட்டுகிறான். பல மாநிலங்களில் இதைக் கொலைக் குற்றமாகவே வைத்திருக்கிறார்கள். ஆம்புலன்சைக் கூப்பிட்டால் பின்னாலேயே போலீஸ் வண்டி வரும். ஓடினால் தப்பலாம், நின்றால் கைவிலங்கு. நிற்கிறவனுக்கு விலங்கு மாட்டிக்கொண்டே, ஏன் நிற்கவில்லை என்று ஓடுகிறவனையும் அடிக்க வேண்டுமாம். பலே நியாயம்!

இந்தக் கோணலை உணர்ந்துதான் நியூ மெக்சிகோ மாநிலம் 2007-ல் முதலாவதாக ஒரு பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. உயிரைக் காக்கக் கூப்பிட்டவன் மீது, அவன் கையில் சிறிதளவு போதை மருந்து இருந்தது என்பதற்காக வழக்குப் போடக் கூடாது. பின்னர் பெரும்பாலான மாநிலங்கள் இதைப் பின்பற்றின. கனடா 2017-ல் நாடு முழுமைக்கும் செய்தது. நல்லதுதான். ஆனால் ஓட்டைகள் ஏராளம். பங்கிட்டுக் கொடுத்தவனுக்குப் பல இடங்களில் பாதுகாப்பு இல்லை. பழைய வாரண்ட் உள்ளவனுக்கும் இல்லை. அதாவது யார் பக்கத்தில் இருப்பானோ அவனுக்கே இல்லை!

பாதுகாப்புக் கொடுத்தால் போதைப் பழக்கம் பெருகும் என்று ஒரு முனகல் கேட்கிறது. ஆம்புலன்ஸ் வரும் என்ற தைரியத்தில் எவனாவது விஷத்தைத் தின்பானா? (அமெரிக்காவில் ஆம்புலன்சுக்குத் தனி பில் வேறு உண்டு.) ஃபென்டனில் என்ற சரக்கு ஹெராயினைவிட 50 மடங்கு வீரியமானது. மூச்சு நின்றால் சில நிமிஷங்களில் மூளை சாகிறது. நலோக்சோன் என்ற மாற்று மருந்தை மூக்கில் பீச்சினால் இரண்டு மூன்று நிமிஷத்தில் மூச்சு திரும்பும். 2023 முதல் டாக்டர் சீட்டு இல்லாமலே விற்க அனுமதியும் கிடைத்துவிட்டது. மருந்து இருக்கிறது. நேரம்தான் இல்லை. அந்த நேரத்தைத் தின்பது பயம்.

கடமை, கடமை என்கிறார்களே, யாருடைய கடமை? மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் கெர்மிட் என்று ஒரு ஊர். நிலக்கரிச் சுரங்கப் பகுதி; மக்கள் தொகை சுமார் 400. அங்கே ஒரே ஒரு மருந்துக் கடைக்கு இரண்டே ஆண்டில் மொத்த வியாபாரக் கம்பெனிகள் அனுப்பிய வலி மாத்திரை சுமார் 90 லட்சம். கைக்குழந்தை உட்படத் தலைக்கு 22 ஆயிரத்துக்கு மேல்! சந்தேகப்படும்படியான ஆர்டர் வந்தால் சர்க்காருக்குச் சொல்ல வேண்டும் என்ற சட்டக் கடமை அந்தக் கம்பெனிகளுக்கு இருந்தது. பத்து வார்த்தையில் ஒரு கடிதம் போதும். போட்டார்களா? நாடெங்கும் வழக்குகள் குவிந்த பின் மூன்று பெரிய விநியோகக் கம்பெனிகள், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 2,100 கோடி டாலர் தர இசைந்தன. அதுவும் 18 ஆண்டுத் தவணையில்!

ஆக்சிகான்டின் மாத்திரையை 1996-ல் சந்தைக்குக் கொண்டுவந்த பர்டியூ கம்பெனி கதையும் இதுதான். அடிமையாக்கும் மாத்திரையைப் பற்றிப் பொய் சொல்லி விற்றதாக 2007-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டது. மூன்று மேலதிகாரிகளும் ஒப்புக்கொண்டார்கள். ஒருவரும் ஜெயிலுக்குப் போகவில்லை. 2020-ல் கம்பெனி மறுபடியும் ஒப்புக்கொண்டது. இடையில் அதன் சொந்தக்காரர்களான சாக்லர் குடும்பம் எடுத்துக்கொண்ட பணம் 1,000 கோடி டாலருக்கு மேல். சுரங்கத்தில் முதுகு ஒடிந்தவனுக்கு மாத்திரை விற்றவர்களுக்கு அபராதம். அதே மயக்கத்தில் சிநேகிதனோடு பங்கிட்டவனுக்கு 20 ஆண்டு!

நமது நாட்டுக்கு இதில் என்ன என்று நினைக்க வேண்டாம். சரக்கு வேறு, பயம் ஒன்றே. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும், மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. பெரும்பாலோர் கூலிக்காரர்கள். மெத்தனால் உடனே கொல்வதில்லை. மறுநாள் வரைகூடக் காத்திருந்து கண்ணைப் பறித்து, பிறகு உயிரைப் பறிக்கும். அந்த இடைவெளிதான் பிழைக்கும் நேரம். கேஸ் வருமோ என்று வீட்டுக்குள் முடங்கினால் அந்த நேரம் போயிற்று.

இந்தியாவில் 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவைச் சேர்த்தார்கள். சாலை விபத்தில் அடிபட்டவனைத் தூக்கி வருகிறவன் மீது வழக்கு இல்லை. பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் கூடாது. 1985-ன் போதைப் பொருள் சட்டத்திலோ, தானாகச் சிகிச்சைக்கு வரும் அடிமைக்கு 64ஏ பிரிவில் விலக்கு உண்டு. அவனைத் தூக்கி வந்தவனுக்கு அதில் ஒரு வரி கிடையாது. ரோட்டில் ரத்தம் சிந்தியவனைத் தூக்கினால் ஒரு நியாயம், சந்தில் நுரை தள்ளிக் கிடப்பவனைத் தூக்கினால் இன்னொரு நியாயமா? 134ஏ தரும் பாதுகாப்பை போதைக்கும் விஷச் சாராயத்துக்கும் விரிவுபடுத்துங்கள். அதன் பிறகு, கூப்பிடாதவனுக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் எழுதுங்கள்; நாம் குறுக்கே நிற்கமாட்டோம்.

தோழர்களே, சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். விழுந்தவனை ஒருக்களித்துக் கிடத்துங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். எதைக் குடித்தான், எப்போது குடித்தான் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். போலீஸ் வந்த பிறகுதான் சிகிச்சை என்று எந்த ஆஸ்பத்திரியாவது தள்ளினால், முதலில் உயிர், பிறகுதான் போலீஸ் காகிதம் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே தீர்ப்பளித்துவிட்டதைச் சொல்லி, வாசலிலேயே நின்று கேளுங்கள்.